சிமிழ்ச் சலனமா, அடைவெளிக் காவுகையா?

அண்ணே, மூடின பெட்டிக்குள்ள சூட்டால தானா நடக்கற ஓட்டத்துக்கு (இங்கிலீஷ்ல கன்வெக்‌ஷன்) தமிழ்க் கலைச்சொல்லா நீங்க முன்மொழிஞ்ச "அடைப்பு வெப்பச்சலனம்" வேண்டாம்னு நான் ஒத்தக்கால்ல நிக்கறதுக்குக் காரணம் இருக்கு. அடைப்புன்னா ரத்தக்குழாய்ல அடைப்பு, சாக்கடைல அடைப்பு, அதாவது ஓட்டம் நின்னு போறது. நாம பேசறது அதுக்கு நேர் எதிர். நாலு சுவருக்குள்ள பாய்மத்தை, அதாவது தண்ணி, காத்து மாதிரி ஓடற பொருளை, மூடி வச்சாலும், ஒரு சுவர் சூடா இன்னொண்ணு குளிர்ச்சியா இருந்தா, பம்பு இல்ல ஃபேன் இல்ல, தானா ஓட ஆரம்பிச்சிடுது. ஓட்டத்துக்கு நாம வைக்கிற பேரே "நின்னு போச்சு"ன்னு இருந்தா எப்படி?

அந்த மூடின இடத்துக்கு "அடைவெளி"ங்கறது எனக்கும் பிடிச்ச சொல்தான், நாலு வருஷம் அதைத்தான் எழுதிட்டு இருந்தேன். ஒரு பாடத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தப்ப பிழைதிருத்தினவர் எழுத்துப்பிழைன்னு நினைச்சு எல்லா அடைவெளியையும் இடைவெளி ஆக்கிட்டார். அதைவிடக் கொடுமை என்னன்னா முக்கால்வாசி வாக்கியம் அப்பவும் அர்த்தத்தோடதான் இருந்துச்சு, "இடைவெளியில் காற்று சுழல்கிறது" ன்னா யாருக்குத் தப்பா தெரியும், கடைசில "இடைவெளிகளுக்கு இடையே உள்ள இடைவெளி" ன்னு ஒரு வரி வந்தப்பதான் எனக்கே உறைச்சுது. ஒரு எழுத்து மாறினா இன்னொரு சரியான சொல்லா ஆகிடற கலைச்சொல், அதுவும் ரெண்டுமே ஒரே பக்கத்துல வரப்போற துறைல, சரிப்படாது. ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்ல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கறது இடைவெளி, நாலு பக்கமும் மூடினா அதுவே அடைவெளி, மாணவன் பாவம் இல்லையா?

அதனால நான் சொல்றது சிமிழ். மூடி உள்ளது, உள்ள ஏதோ ஒண்ணு இருக்கும், சொல் சின்னது, எதோடயும் ஒட்டும்: சதுரச்சிமிழ், சாய்சிமிழ், வளையச்சிமிழ். "டிரான்ஸ்பார்மர் எண்ணெய்த் தொட்டிய போய் சிமிழ்னு சொன்னா சிரிப்பாங்க"ன்னு நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா இந்தத் துறைல சிறுசு பெருசுங்கறது மீட்டர்ல இல்ல, ரேலி எண்ல இருக்கு. மிதப்பு விசை ஒரு பக்கம் தள்ளுது, பாகுநிலையும் (ஓட விடாம பிடிக்கற பிசுபிசுப்பு) வெப்பம் பரவிக் கரையறதும் சேர்ந்து இன்னொரு பக்கம் இழுத்துப் பிடிக்குது, எது எவ்வளவு ஓங்கி இருக்குன்னு சொல்ற எண் அது. அதுல நீளம் மூணாவது அடுக்குல வருது, அகலத்தை ரெண்டு மடங்காக்கினா எண் எட்டு மடங்கு. ரெண்டு பெட்டி அளவுல எவ்வளவு வித்தியாசமா இருந்தாலும் வடிவம், ரேலி எண், பிராண்டல் எண் (பாகுநிலைக்கும் வெப்பம் பரவற வேகத்துக்கும் உள்ள விகிதம்) இதெல்லாம் ஒத்துப்போனா உள்ள நடக்கற கதை ஒண்ணுதான். அப்புறம் சிமிழ்னா என்ன, தொட்டின்னா என்ன.

இப்ப பெரிய சண்டைக்கு வரேன், சலனமா காவுகையா. நம்ம பக்கத்துப் பாடநூல்ல வெப்பச்சலனம், இலங்கைப் பாடநூல்ல மேற்காவுகை. நம்மகூட மடல் எழுதற தம்பி மேற்காவுகைதான் சரின்னு சொன்னப்ப நானும் முதல்ல முகம் சுளிச்சேன், ஒத்துக்கறேன். நம்ம காதுக்கு காவுன்னா காவு கொடுக்கறது, "வெப்பக்காவு"ன்னா கெடா வெட்டப் போறாங்கன்னு தோணும். ஆனா காவுதல்னா தோள்ல தூக்கிட்டுப் போறது, காவடில இருக்கறதும் அதே கா தான், நோயைச் சுமந்து பரப்பற கொசு மாதிரி உயிரிய இலங்கைக்காரங்க நோய்க்காவின்னு எழுதறப்ப எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் பிரவுட் 1834ல கன்வெக்‌ஷன்னு பேர் வச்சப்ப அவர் எடுத்த லத்தீன் சொல்லுக்கும் சேர்த்துச் சுமந்து போறதுன்னுதான் பொருள். மூலத்துக்கு அவங்க சொல்தான் கிட்ட இருக்கு. சலனம்னா அசையறதுங்கறது மட்டும்தான், மனசுல சலனம் வந்தா கூட அதே சொல்தான்.

ஆனா "மேல்" எதுக்கு? அதை மட்டும் எடுத்துடுங்க. இதை நான் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன். தட்டையான கண்ணாடிப் பெட்டில தண்ணி நிரப்பி ஒரு பக்கச் சுவர்ல வெந்நீர்ப் பை, எதிர்ச் சுவர்ல குளிர்ந்த தண்ணிப் பை ஒட்ட வச்சு, குளிர்ச் சுவரோட மேல் ஓரத்துல ஒரு சொட்டு மை விட்டேன் (மையை பெட்டில இருக்கற அதே தண்ணில நல்லா கரைச்சு விடணும், இல்லன்னா மையோட எடையிலயே இறங்கிட்டு நம்மை ஏமாத்தும், ஐஸை நேரா வைக்காதீங்க, 4 டிகிரிக்குக் கீழ தண்ணி திரும்ப லேசாகிடும், அந்த மூலைல ஒரு குட்டி எதிர்ச்சுற்று கிளம்பி குழப்பும்). மை சுவரை ஒட்டியே நூல் மாதிரி கீழ இறங்குச்சு, அடிய தொட்டதும் நாக்கு நீட்டற மாதிரி படர்ந்து சூடான சுவர்ப் பக்கம் போச்சு, அங்க தொட்டதும் விறுவிறுன்னு மேல ஏறுச்சு, மேல் விளிம்பு வழியா திரும்ப குளிர்ச் சுவருக்கே வந்துடுச்சு. நடுவுல? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. நடுத் தண்ணி சூடு மேல குளிர்ச்சி கீழன்னு அடுக்கடுக்கா அப்படியே நின்னுச்சு, ஓட்டமெல்லாம் சுவரோரத் தோல்லதான். பாதி வழி கீழயும் பக்கவாட்டுலயும் போறதை மேற்காவுகைன்னு சொல்ல மனசு வரல.

சரி அப்ப காவுகைன்னு மட்டும் வச்சுட்டு சலனத்தை விட்டுடலாமான்னா அதுவும் கூடாது, இங்கதான் எனக்கு ஒரு வெளிச்சம் பட்டுச்சு. ஒல்லியா உயரமா ஒரு சிமிழ், பக்கவாட்டுல சூடு, அதான் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல். 1954ல பாய்ம ஆய்வாளர் பேச்சலர் இதை ஆராய்ஞ்சு எழுதினார். இடைவெளி குறுகலா இருந்தா சூடான பக்கம் காத்து ஏறும், குளிர்ந்த பக்கம் இறங்கும், நிச்சயமா சலனம் இருக்கு, பக்கவாட்டுச் சூட்டுல வெப்ப வித்தியாசம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அசையாம இருக்காது. ஆனா மேல் முனை கீழ் முனையத் தவிர நடுவுல வெப்பம் கடக்கறது பெரும்பாலும் வெப்பக்கடத்தல்லதான், காத்து சும்மா ஏறி இறங்குதே தவிர எதிர்ச் சுவருக்கு எதையும் தூக்கிட்டுப் போகல. சலனம் உண்டு, காவுகை இல்ல! இடைவெளிய அகலமாக்கினா காத்து நிஜமாவே சுமக்க ஆரம்பிச்சிடும், அதனாலதான் ஜன்னல்காரங்க 12லேர்ந்து 16 மில்லிமீட்டர் வாக்குல நிறுத்திக்கறாங்க, அதுக்கு மேல அகலமாக்கிப் பெருசா லாபம் இல்ல.

ஆக ரெண்டு நாட்டுச் சொல்லும் ரெண்டு வேற விஷயத்தைச் சொல்லுது. நாம ஒண்ணை ஒழிக்கப் பார்க்கறோம், ரெண்டும் வேணும். என் முன்மொழிவு: பாய்மம் சுத்தறது சிமிழ்ச் சலனம், அந்தச் சுத்துல வெப்பம் சுமந்து போறது காவுகை. இப்படிப் பிரிச்சா நுசெல்ட் எண்ணுக்குத் தமிழ் தானா வந்து விழுது, காவுகை மடங்கு. வெறும் கடத்தலா இருந்தா எவ்வளவு வெப்பம் போயிருக்குமோ அதை விட எத்தனை மடங்கு போகுது, அவ்வளவுதான். 1983ல டி வால் டேவிஸ் சதுரச் சிமிழ்ல காத்தை வச்சுக் கணக்குப் போட்டுக் கொடுத்த எண்களை இன்னிக்கும் புதுசா மென்பொருள் எழுதறவங்க ஒப்பிட்டுப் பார்க்கறாங்க: ரேலி எண் 1000ன்னா காவுகை மடங்கு 1.118, பத்து லட்சம்னா 8.8. 1000ல சலனம் இருக்கு, காவுகை கொசுறுதான், இதை இப்ப ஒரே வரில தமிழ்ல சொல்லிட்டோம் பாருங்க, பழைய சொல்லை வச்சுக்கிட்டு "வெப்பச்சலனம் இருக்கு ஆனா வெப்பச்சலனம் இல்ல"ன்னுதான் எழுதியிருக்கணும்.

அடில இருந்து சூடு பண்ணா கதை வேற. மேலயும் கீழயும் கெட்டியான தட்டு, நடுவுல பாய்மம்னா ரேலி எண் 1708ஐத் தாண்டற வரைக்கும் அசையவே அசையாது, தாண்டினதும் உருளை உருளையா சுத்த ஆரம்பிக்கும். இந்த எல்லைக்கு "சலன வாசல்"னு எழுதி வச்சிருக்கேன், "மாறுநிலை"ய விட எனக்கு இது பிடிச்சிருக்கு. பெனார் 1900ல மேல்பக்கம் திறந்த தட்டுல பார்த்த அறுகோணங்களை இதுல சேர்க்காதீங்க தம்பி, போன மடல்ல சேர்த்திருந்தீங்க. அது பெரும்பாலும் பரப்பு இழுவிசையோட வேலைன்னு பிறகு தெரிஞ்சுது, மூடி இல்லாததால அது சிமிழே கிடையாது.

பாக்கி இருக்கறது ஒண்ணு. மேல்பக்கம் சூடு, அடில குளிர்ச்சின்னா எதுவும் அசையாம அடுக்கா நிக்குமே, அதுக்கு "அடுக்கமைதி"ன்னு போட்டிருக்கேன், ஆனா கையெழுத்துப் படில பார்த்தா அடுக்கமைவுன்னுதான் படிக்க வருது. அடைவெளில பட்ட சூடு இன்னும் ஆறல, அதனால இதுக்கு மட்டும் வேற சொல் இருந்தா சொல்லுங்க அண்ணே.