25,000 வெள்ளிக்குள் பழைய ஹாட் ஹேட்ச்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா, கோல்ஃப் ஜிடிஐயா?

உட்லண்ட்ஸ் கதிர்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் குடியிருக்கும் நான், துவாஸில் உள்ள ஒரு பட்டறையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். மாதத்தில் பாதி நாள்கள் இரவுப் பணி. வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் எம்ஆர்டி ரயில் ஓடாது. வாடகைக் காருக்குக் கொடுத்தே கை சலித்துவிட்டது. எப்படியும் ஒரு கார் தேவை என்றான பிறகு, சிறு வயது முதல் ஆசைப்பட்ட வகையிலேயே ஒன்றை வாங்கினால் என்ன என்று தோன்றுகிறது. சின்ன உடலும் பெரிய மூச்சும் கொண்ட ஹாட் ஹேட்ச் கார்களைத்தான் சொல்கிறேன்.

சேமிப்பு 15,000 வெள்ளி, கடன் 10,000 வெள்ளி, ஆக மொத்தம் 25,000 வெள்ளிக்கு மேல் ஒரு காசும் என்னால் புரட்ட முடியாது. இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2007ஆம் ஆண்டு சுஸுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், ஐந்து கியர் மேனுவல், 190,000 கிலோமீட்டர் ஓடியது. 42,000 வெள்ளி கட்டி 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்த சிஓஇயில் (காரை வைத்து ஓட்ட அரசு ஏலத்தில் விற்கும், காலவரையறை உள்ள உரிமைச் சான்றிதழ்) இன்னும் 28 மாதங்கள் மீதம் உள்ளன. விலை 19,600 வெள்ளி. இரண்டாவது 2012ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 2.0 லிட்டர் டர்போ, ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியர்பெட்டி), 140,000 கிலோமீட்டர் ஓடியது. 48,000 வெள்ளி கட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்ததில் 22 மாதங்கள் மீதம். விலை 20,900 வெள்ளி. காப்புறுதிக்கு ஸ்விஃப்ட்டுக்கு 1,700 வெள்ளியும் கோல்ஃபுக்கு 2,300 வெள்ளியும் கேட்கிறார்கள். எனக்கு வயது 29. கிளாஸ் 3 உரிமம் எடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மனம் கோல்ஃபின் பக்கம் சாய்கிறது. இந்தப் பணத்தில் அது சரிப்படுமா? நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈசூன்வாசி:

தம்பி, காரைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பழைய காருக்குக் கொடுக்கும் விலை இரண்டு பொருள்களுக்கான விலை: ஒன்று சிஓஇயில் மீதமிருக்கும் மாதங்கள், மற்றொன்று இரும்பும் என்ஜினும். பத்து ஆண்டுகள் முடிந்து சிஓஇயைப் புதுப்பித்த காருக்கு முன்பு கட்டிய பதிவுக் கட்டணத்திலிருந்து கிடைக்கும் கழிவு எதுவும் இல்லை என்பதால், பதிவை ரத்து செய்யும்போது திரும்பி வருவது மீத மாதங்களுக்கு உரிய சிஓஇத் தொகை மட்டும்தான். அதுவும் இன்றைய ஏல விலையில் கணக்கிடப்படாது. அந்தக் காருக்கு அன்று கட்டிய தொகையில்தான் கணக்கிடப்படும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டதைச் சொல்லி விலையை ஏற்றுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். குறைந்த விலையில் புதுப்பித்த ஒரு காரின் தாள் மதிப்பு, அதாவது ரத்து செய்தால் திரும்பி வரும் அந்தத் தொகை, அதனால் ஒரு வெள்ளியும் கூடாது.

உங்கள் கார்களுக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்விஃப்ட்டின் தாள் மதிப்பு 9,800 வெள்ளி, அதாவது விலையில் சரிபாதி. கோல்ஃபுக்கு 17,600 வெள்ளி. காருக்கென்று நீங்கள் கொடுப்பது 3,300 வெள்ளிதான். இதைப் பார்த்தவுடன் கோல்ஃப் மலிவு என்று தோன்றும். ஆனால் கடைசி மாதம் வரை ஓட்டுவதாக இருந்தால் இரண்டின் தாள் மதிப்பும் பூஜ்யம்தான். அப்போது ஸ்விஃப்ட்டுக்கு மாதம் 700 வெள்ளி, கோல்ஃபுக்கு 950 வெள்ளி ஆகிறது. மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடியும் புதுப்பிக்க முடியாது. 22 மாதங்கள் முடிந்ததும் கோல்ஃப் சாலையை விட்டுப் போயே ஆக வேண்டும். பத்தாண்டுக்குப் புதுப்பித்த ஸ்விஃப்ட்டுக்கு, அன்றைய மூன்று மாத சிஓஇ விலைச் சராசரியைக் கட்ட மனமும் பணமும் இருந்தால், இன்னொரு வாய்ப்பு உண்டு.

சாலை வரியை மறந்துவிடாதீர்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய், 50 விழுக்காட்டில் நிற்கும். ஸ்விஃப்ட் அந்த உச்சத்தில் இருக்கிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 வெள்ளி. கோல்ஃப் இப்போது 40 விழுக்காட்டில் இருக்கிறது. ஏறத்தாழ 1,670 வெள்ளி, அடுத்த ஆண்டு இன்னும் கூடும். விலை, காப்புறுதி, சாலை வரி மூன்றையும் கூட்டினால் ஸ்விஃப்ட்டுக்குப் பிறகு உங்கள் கையில் 2,600 வெள்ளி நிற்கிறது. கோல்ஃபுக்குப் பிறகு நிற்பது 130 வெள்ளி. டர்போ வைத்த பதின்மூன்று வயதுக் காரை 130 வெள்ளியை நம்பி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கடன் பற்றியும் ஒன்று. நாணய ஆணையத்தின் விதிப்படி காரின் திறந்த சந்தை மதிப்பு (இறக்குமதியாகும்போது சுங்கத்துறை மதிப்பிட்ட விலை) 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரையும், அதற்கு மேலென்றால் 60 விழுக்காடு வரையும்தான் கடன் கிடைக்கும். உங்கள் 10,000 வெள்ளி இரண்டு காருக்கும் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. தவணைக் காலம் சிஓஇ முடிவதற்குள் முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை அண்ணன்:

நான் சின் மிங் பக்கம் பட்டறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஈசூன்வாசி கணக்கைச் சொல்லிவிட்டார். நான் இயந்திரத்தைச் சொல்கிறேன்.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: நான் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம் என்று. போனவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைப்பதற்காகத்தான் முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வேறு நாள் கேளுங்கள். 2008 முதல் 2012 வாக்கில் வந்த அந்த ஜிடிஐ என்ஜினில் டைமிங் செயினை (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது என்பது பட்டறைகளில் எல்லோரும் அறிந்த செய்தி. பிறகு திருத்திய பாகம் வந்தது. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது, கடகடவென்று இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒரு சத்தம் கேட்டு அடங்கினால் அதுதான். எண்ணெய் அழுத்தம் ஏறிய பிறகு கேட்காது. டென்ஷனர் விட்டுக்கொடுத்துச் செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். அதற்கு மேல் அந்த என்ஜினைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. திருத்திய பாகம் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

அதே என்ஜினில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் பிளாஸ்டிக் கூடு கசிவது சர்வ சாதாரணம். கூலண்ட் சொட்டுச் சொட்டாக வடிந்து காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்ததுபோல் இருக்கும். கைத்தொலைபேசி விளக்கை இன்டேக் குழாய்க்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் தெரியும். நம் வெயிலில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கிலோமீட்டர் பார்த்துப் பழுதாவதில்லை, வயது பார்த்துப் பழுதாகின்றன. ஆகவே 140,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆறு கியர் டிஎஸ்ஜி நல்ல கியர்பெட்டிதான். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அதன் எண்ணெயை மாற்றியிருக்க வேண்டும். இந்நேரம் இரண்டு ரசீதுகள் இருக்க வேண்டும்.

ஸ்விஃப்ட்டில் டர்போ இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். 125 குதிரைத் திறனும் 6,800 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும் என்பதால், வைத்திருந்தவர்கள் விரட்டியே ஓட்டியிருப்பார்கள். எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். குறைந்திருந்தால் எவ்வளவு நாளில் குறைந்தது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. பக்கத்தில் உள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப் போய், சுழல் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே மேல்தளம் வரை ஏறுங்கள். அழுத்தும்போது சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. மேல்தளத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்று கேட்டால் சக்கர அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கத்தைக் கவனியுங்கள். ஒரு முறைக்கு மேல் ஆடினால் ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் விக்கோம் போன்ற ஒரு சோதனை நிலையத்தில் பழைய கார் மதிப்பீட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பொத்தோங் பாசிர் செல்வி:

நான் நான்கு ஆண்டுகளாக இதே தலைமுறை ஜிடிஐ வைத்திருக்கிறேன் என்பதால், மேலே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தாள் மதிப்பைக் கடைசி மாதத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு கணக்கு. நடுவில் கார் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது இன்னொரு கணக்கு. ஆறு மாதத்தில் என்ஜின் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோல்ஃபைப் பதிவிலிருந்து எடுத்தால் 12,800 வெள்ளி திரும்பும், ஸ்விஃப்ட்டுக்கு 7,700 வெள்ளிதான் திரும்பும். கொடுத்த விலையிலிருந்து கழித்தால் கோல்ஃபில் நட்டம் 8,100 வெள்ளி, ஸ்விஃப்ட்டில் 11,900 வெள்ளி. பெரிய பழுதால் வரும் நட்டத்தைத் தாங்குவதில் கோல்ஃப்தான் பாதுகாப்பானது.

ஓட்டும் சுகத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரவு ஒரு மணிக்குக் காலியான விரைவுச்சாலையில் அது எவ்வளவு அமைதியாகவும் நிலையாகவும் போகிறது என்பது, இரவுப் பணி முடித்து வருகிறவருக்குச் சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் தம்பி, கையில் 130 வெள்ளி என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் வாங்கியபோது 5,000 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்; முதல் ஓராண்டிலேயே அதில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது.

ஈசூன்வாசி:

செல்வி அவர்களின் கணக்கு சரியானது. நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. ஆனால் பழைய காரில் என்ஜின் முழுதாகப் போவதைவிட, 2,000 வெள்ளிப் பழுதும் 4,000 வெள்ளிப் பழுதும் வருவதுதான் அதிகம். காரை அழிக்கவும் மனம் வராது, பழுது பார்க்கவும் பணம் இருக்காது. எனக்கு அது நடந்திருக்கிறது. முன்பு வைத்திருந்த ஓர் ஐரோப்பியக் காரின் கியர்பெட்டிக்குப் பட்டறையில் கேட்ட தொகையைப் புரட்ட முடியாமல், ஏழு வாரங்கள் எங்கள் புளோக்கின் கீழே காரை நிறுத்தி வைத்துவிட்டுப் பேருந்தில் போனேன். ஓடாத அந்தக் காருக்கு மாதத் தவணையும் நிறுத்துமிடக் கட்டணமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. தாள் மதிப்பு என்பது காரை அழித்தால்தான் கைக்கு வரும் பணம். அதிலும் கடன் பாக்கி முதலில் கழியும். கதிரின் நிலையில் இருப்பவருக்குக் கைக்காசுதான் முக்கியம்.

உட்லண்ட்ஸ் கதிர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோல்ஃபை விட்டுவிட்டேன், மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. சனிக்கிழமை காலை ஸ்விஃப்ட்டைப் போய்ப் பார்த்தேன். பானெட் குளிர்ந்திருந்தது, சத்தமின்றிக் கிளம்பியது, பலமாடி ஏற்றத்தில் கிளட்ச் நழுவவில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. அதைக் காட்டியதும் விற்பவர் 700 வெள்ளி குறைத்து 18,900 என்றார். மதிப்பீட்டுச் சோதனைக்கும் ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகம்: காரில் வேறு சைலன்சர் பொருத்தியிருக்கிறார்கள். சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்கான தாள் எதையும் அவர் காட்டவில்லை. இது பிரச்சினையா?

பட்டறை அண்ணன்:

பிரச்சினைதான். பத்து வயதுக்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு; நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சான்று இல்லாத சைலன்சரோடு போனால் தேறாது, தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்கவும் முடியாது. போன ஆண்டு எப்படித் தேறியது என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் சோதனைக்கு மட்டும் பழைய சைலன்சரை மாட்டிவிட்டு, மறுநாள் கழற்றி வீட்டில் வைத்திருப்பார். அந்தக் காரின் சொந்த சைலன்சரைப் பொருத்திய பிறகே சோதனை நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் புதிதாக வாங்கிப் பொருத்தும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். எது முடிவானாலும் விற்பனை ஒப்பந்தத் தாளில் கைப்பட எழுதி வாங்குங்கள். அவருக்குக் கடன் பாக்கி இருந்தால், தீர்த்துவிட்டதாக வங்கி கொடுக்கும் கடிதத்தைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். உரிமை மாற்றத்தை இருவரும் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகவே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் 25 வெள்ளி. ஷாக் அப்சார்பரை நான்கையும் மாற்ற வேண்டியதில்லை, இப்போதைக்குப் பின்பக்க ஜோடி போதும்.