அப்பாவின் பழைய கடனில் பிபிஐ: 583 பவுண் தருகிறார்கள், கையெழுத்திடலாமா?

ஹரோமகன், 9 ஜூலை 2019

வணக்கம். அப்பாவின் பழைய கடனோடு விற்கப்பட்ட பிபிஐ காப்புறுதி (வேலை போனாலோ நோயுற்றாலோ கடன் தவணையைக் கட்டுவது) குறித்து மே மாத நடுப்பகுதியில் இங்கே பிரித்தானியாவில் உள்ள வங்கிக்கு முறைப்பாடு எழுதினோம். நேற்று வந்த பதிலின் முதற் பக்கத்தில், காப்புறுதி முறையாகவே விற்கப்பட்டது என்று மறுத்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் 583 பவுண் தருவதாக எழுதியிருக்கிறார்கள். தவறே செய்யாதவர்கள் எதற்காகப் பணம் தருகிறார்கள் என்று விளங்கவில்லை. இதற்கிடையில், பங்கு வாங்கிக்கொண்டு பிறருக்காக இழப்பீடு கேட்டுக் கொடுக்கும் ஒரு கோரிக்கை நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, முழுப் பணத்தையும் மீட்டுத் தருவதாகவும், அதில் நூற்றுக்கு முப்பது தங்களுக்கு என்றும் சொல்கிறது. பிபிஐ முறைப்பாட்டுக்குக் கடைசி நாள் வருகிறதென்று தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகரின் தலை வேறு நாள்தோறும் கத்துகிறது. யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

ஈஸ்ற்ஹாம் அக்கா, 9 ஜூலை

தம்பி, கடன் எந்த ஆண்டு எடுத்தது, எப்போது முடிந்தது, அப்பா அப்போது என்ன தொழில் செய்தார் என்று ஒன்றுமே எழுதவில்லையே. எவ்வளவு கடன், காப்புறுதிக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இவை தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பழைய கணக்கர், 9 ஜூலை

இந்தக் கேள்விக்கு 2017 முதல் எத்தனை தடவை விடை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் எவருக்கும் வருவதில்லை. உங்களுக்கு வந்திருப்பது பிளெவின் பணம். தரகுப்பணத்தை மறைத்ததற்காகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் 29க்குப் பிறகு, நிதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமும் போக முடியாது. போனாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சட்டம் படித்தவள், 9 ஜூலை

கணக்கர் ஐயா சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்தானது. ஆகஸ்ட் 29 என்பது கடன் கொடுத்தவரிடம் முதன்முதலாக முறைப்பாடு போய்ச் சேர வேண்டிய நாள். இவர்கள் அதை மே மாதமே செய்துவிட்டார்கள். இப்போது வந்திருப்பது இறுதிப் பதில் என்றால், கடிதத்திலுள்ள தேதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

மறுத்துவிட்டு ஏன் பணம் தருகிறார்கள் என்பதற்கும் விடை உண்டு. சூசன் பிளெவின் என்ற கல்லூரி விரிவுரையாளர் 2006இல் எடுத்த கடனில் காப்புறுதிக்காக 5,780 பவுண் சேர்த்தார்கள். அதில் 71.8 விழுக்காடு தரகுப்பணமாகப் போனது அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த மறைப்பினால் கடன் உறவே நியாயமற்றதாகிவிட்டது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ வகுத்த விதிப்படி, தரகும் இலாபப் பங்கும் சேர்ந்து ஐம்பது விழுக்காட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதியைத் திருப்பித் தர வேண்டும். காப்புறுதியை ஏமாற்றி விற்றார்களா என்பது இதிலிருந்து வேறான கேள்வி. கடிதத்தின் முதற் பக்கம் மறுப்பது அதைத்தான்.

ஹரோமகன், 10 ஜூலை

மன்னியுங்கள், அவசரத்தில் எழுதிவிட்டேன். கடன் 2005 செப்டெம்பரில் 8,000 பவுண், ஐந்து ஆண்டுகளில் முடிந்தது. காப்புறுதிக்கு ஒரே தொகையாக 1,600 பவுண் கடனோடு சேர்த்திருக்கிறார்கள்; அதற்கும் ஒன்பது விழுக்காட்டு வட்டி. தரகு 67 விழுக்காடு என்று கடிதமே சொல்கிறது, தேதி ஜூலை 5. அப்பா அப்போதும் இப்போதும் வாடகைக் கார் ஓட்டுகிறார்.

குரொய்டன்காரன், 10 ஜூலை

வாடகைக் கார் என்றால் சொந்தத் தொழில்தானே? அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! வேலை போனால் தவணை கட்டுவோம் என்பதுதான் அந்தக் காப்புறுதியின் பாதிப் பயன். சொந்தத் தொழில் செய்பவருக்குப் பெரும்பாலும் தொழிலையே அடியோடு மூடினால்தான் பணம் தருவார்கள். என் மைத்துனருக்கு இந்த ஒரு காரணத்தாலேயே முழுப் பணமும் கிடைத்தது. நான் கோரிக்கை நிறுவனத்திடம்தான் கொடுத்தேன், எல்லாவற்றையும் அவர்களே எழுதினார்கள். அலைச்சல் இல்லை.

ஈஸ்ற்ஹாம் அக்கா, 10 ஜூலை

அலைச்சல் இல்லாததற்கு நூற்றுக்கு முப்பதா? 2018 ஜூலை முதல் பிபிஐ கோரிக்கைகளுக்கு இருபது விழுக்காடும் வற் வரியும்தான் உச்ச வரம்பு. முப்பது கேட்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தம்பிக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

குரொய்டன்காரன், 10 ஜூலை

நான் கொடுத்தது 2014இல், அக்கா. அப்போது வரம்பு கிடையாது. ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராத என்னைப் போன்றவர்கள் வேறு என்ன செய்வது?

சட்டம் படித்தவள், 10 ஜூலை

குறையாகச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். 1,600 பவுணும் வட்டியும் சேர்ந்து மாதம் 33 பவுண், மொத்தம் ஏறத்தாழ 1,990. அதன்மேல் ஆண்டுக்கு எட்டு விழுக்காடு தனிவட்டி இன்றுவரை சேர்த்தால் 3,800 பவுணை ஒட்டி வரும். வற் உட்பட 24 விழுக்காடு என்றாலும் 900 பவுணுக்கு மேல் நிறுவனத்துக்குப் போகும். ஒம்புட்ஸ்மன் சேவையின் வினாப் பத்திரத்தை மகன் ஒரு மாலையில் நிரப்பிவிடலாம்.

ஹரோமகன், ஒப்பந்தத்தின் பிரதி இருக்கிறதா? காப்புறுதி வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டது யார்? அப்பாவுக்கு அப்போது ஏதாவது நோய் இருந்ததா?

ஹரோமகன், 11 ஜூலை

பிரதி இருக்கிறது. கட்டத்தில் உள்ள பெருக்கல் குறி பேனாவால் போட்டதல்ல, அச்சிலேயே வந்திருக்கிறது. கீழே அப்பாவின் கையெழுத்து தமிழில் உள்ளது. இதையும் எடுத்தால்தான் கடன் விரைவில் கிடைக்கும் என்று கிளையில் இருந்த ஊழியர் சொன்னதாக அப்பா நினைவுகூர்கிறார். நீரிழிவு 2001 முதல் உண்டு.

குரொய்டன்காரன், 11 ஜூலை

அச்சிட்ட குறி! வென்றுவிட்டீர்கள். அப்பா காப்புறுதியைக் கேட்கவேயில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கணக்கர், 11 ஜூலை

சான்றே அல்ல. ஊழியர் வாயால் கேட்டுவிட்டுக் கணினியில் குறியிட்டு அச்செடுத்ததாக வங்கி சொல்லும். நான் இருபது ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தவன், படிவங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்று எனக்குத் தெரியும்.

சட்டம் படித்தவள், 11 ஜூலை

இதில் ஐயா சொல்வதே சரி. குறியை மட்டும் நம்பிப் போக வேண்டாம். சொந்தத் தொழிலும், முன்பே இருந்த நீரிழிவும்தான் வலுவானவை. அந்த நோயினால் வரும் கோரிக்கையைக் காப்புறுதி ஏற்குமா என்று பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு, கடன் எடுத்த அன்றைய தொழிலையும் நோயையும் முதலில் எழுதுங்கள், குறியைக் கடைசியில் எழுதுங்கள். 583 பவுணை ஏற்கும் படிவத்தில், இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஈஸ்ற்ஹாம் அக்கா, 12 ஜூலை

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த 8,000 பவுணில் ஒரு பகுதி, அதே வங்கியின் முந்தைய கடனை அடைக்கப் போனதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது; பழைய கடனிலும் ஒரு பிபிஐ இருந்தது, அதை எவரும் சொல்லவில்லை.

ஹரோமகன், 14 ஜூலை

அப்பாவிடம் கேட்டேன். 2003இல் ஒரு கடன் இருந்ததாம். தாள் எதுவும் இல்லை.

சட்டம் படித்தவள், 14 ஜூலை

அப்படியானால் ஆகஸ்ட் 29 உங்களுக்கும் பொருந்தும், இந்த 2003 கடனுக்கு. அப்பாவைப் பற்றி வங்கி வைத்திருக்கும் தரவுகளின் பிரதியைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். ஆனால் அது வரும்வரை காத்திருந்தால் நாள் கடந்துவிடும். பழைய முகவரி, பிறந்த தேதி இவற்றை மட்டும் கொடுத்து இன்றே முறைப்பாடாக எழுதுங்கள். பிபிஐ இருந்ததா என்று வெறுமனே விசாரிப்பது முறைப்பாடாகாது.

பழைய கணக்கர், 15 ஜூலை

கிடைக்கும் வட்டிக்கு வரி பிடிப்பார்கள் என்பதை எவரும் சொல்லவில்லையே. 583 என்பதும் பிடித்த பின் வந்த தொகைதான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 61 பவுண் அளவில் பிடித்திருக்கிறார்கள். அடிப்படை வரி கட்டுபவருக்கு ஆண்டில் 1,000 பவுண் வரை சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை; வரித் துறையின் ஆர்40 படிவத்தில் திரும்பக் கேட்கலாம்.

ஹரோமகன், 18 பெப்ரவரி 2020

நீண்ட நாளாக எழுத முடியவில்லை. 2003 கடனுக்கு 1,140 பவுண் வந்தது. 2005 கடன் ஒம்புட்ஸ்மனிடம் இருக்கிறது, இன்னும் பதிலில்லை. அனைவருக்கும் நன்றி. வந்த பணத்தில் வரி பிடித்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பெற வழி உண்டா?

பழைய கணக்கர், 18 பெப்ரவரி 2020

ஜூலை 15ஆம் தேதிப் பதிலைப் படியுங்கள்.