ரேகை விழலன்னா சோம்பேறியா?

பட்டணங்காத்தான் பையன்:
ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டு கவுண்டர்ல இன்னைக்கும் கூட்டம். ராமேஸ்வரம், பாம்பன்ல இருந்து குடும்பத்தோட பஸ் ஏறி வந்து உக்காந்திருக்காங்க. எல்லாமே போன்ல வந்துருச்சு. ஆதார் நம்பர் போடு, ஓடிபி அடி, அட்டைய இறக்கு. பத்து நிமிஷ வேலை. இதுக்கு அலையிறதுக்குப் பேரு சோம்பேறித்தனம்தான். கோவப்பட்டாலும் பரவாயில்ல.

பாசிக்காரி மகள்:
கோவம்தான் வருது. எங்கம்மா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குறவங்க. தண்ணிக்குள்ள பாறையில ஒட்டிக் கெடக்குற மரிக்கொழுந்துப் பாசிய மூச்சடக்கிப் பிச்சு எடுக்கணும். விரலுக்கு விரல் துணி சுத்திக்கிட்டுத்தான் இறங்குவாங்க. துணி கிழிஞ்சதும் பாறை தோலைத் தின்னும். கட்டை விரல்ல ரேகைக் கோடே இல்ல, வழவழன்னு இருக்கு. கைரேகை மெஷின்ல வச்சா ஏத்துக்காது. ஓடிபி வரணும்னா ஆதார்ல இருக்குற நம்பர் உயிரோட இருக்கணும், அந்த சிம் செத்து வருசமாச்சு. புது நம்பர் சேக்கப் போனா அங்கயும் ரேகை கேக்குறாங்க. இதுல யாரு சோம்பேறி?

தொண்டிக்காரன்:
ரெண்டு பேரும் ஒண்ணைக் கவனிங்க. மத்திய அரசு காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் ஆப்ல, பட்டியல்ல பேரு உள்ளவங்க தானா அட்டை எடுத்துக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுல புதுசா சேர ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கவுண்டருக்குத்தான் போகணும். முன்னமே சேந்தவங்க அட்டைய மட்டும்தான் இணையத்துல இறக்கிக்கலாம்.

பட்டணங்காத்தான் பையன்:
அதெல்லாம் தெரியும் தொண்டி. அக்கா, நான் இ-சேவை மையம் வச்சிருக்கேன். தினமும் நூறு கை பாக்குறேன். கைய நல்லா கழுவித் தொடச்சு, லேசா எண்ணெய் தடவி வச்சா விழும். பத்து விரல் இருக்கு, ஒண்ணு கூடவா விழாது?

பாசிக்காரி மகள்:
பத்து விரலும்தான் பாறையில படுது. ரெண்டு விரலால பாசி எடுக்க முடியாது தம்பி.

கீழக்கரை காக்கா:
கடலுக்குப் போறவங்களுக்கு ரேகை விழாதுங்கறதை நான் முழுசா நம்பல. எங்க ஊர்லயும் வலை இழுக்குறவங்க இருக்காங்க, ரேஷன் வாங்குறாங்க.

பாசிக்காரி மகள்:
ரேஷன் கடையையே சொன்னீங்களே காக்கா! 2020ல கைரேகை மெஷின் வந்ததும் எத்தனை கிழவிங்க கடை வாசல்ல நின்னாங்கன்னு எங்க ஊர்ல வந்து கேளுங்க. இப்ப பல கடையில கண்ணைக் காட்டுற மெஷினும் வச்சிருக்காங்க. ரேகை எல்லாருக்கும் விழும்னா அதை எதுக்கு வச்சாங்க?

பட்டணங்காத்தான் பையன்:
அது வயசானவங்களுக்கு. நம்பர் மாத்தணும்னா தபால்காரரைக் கூப்பிடுங்க. வீட்டுக்கே வந்து ஆதார்ல போன் நம்பர் சேத்துக் குடுப்பாரு. இதையும் நான்தான் சொல்லிக்குடுக்கணுமா?

பாசிக்காரி மகள்:
வந்தாரு. நல்ல மனுசன். அவரும் பையில இருந்து எடுத்தது ரேகை மெஷின்தான். பேசுறதுக்கு முன்னாடி யோசிங்க.

மண்டபம் கேம்ப்:
ஒரு விசயம் சொல்லிடுறேன். எங்க இலங்கைத் தமிழர் முகாம்ல இருக்குறவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுல வருமான வரம்பு கிடையாது. அது தெரியாம சான்றுக்கு அலைஞ்சவங்க உண்டு.

விசைப்படகு வாரிசு:
வருமானம்னு சொன்னீங்களே, அதுதான் பெரிய அநியாயம். வருசத்துக்கு 72,000 ரூபாய்னு இருந்த வரம்பை 2022ல 1,20,000 ஆக்குனாங்க. எங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம், படகு கரையில கெடக்கும். பெறகு கடன். ஆனா படகு இருக்குன்னு சொல்லி சான்று தர மாட்டேங்குறாங்க.

கீழக்கரை காக்கா:
ராமேஸ்வரத்துல படகு வச்சிருக்கவங்க வீட்ல பாதிப் பேருகிட்ட அட்டை இருக்கு. எனக்குத் தெரியும்.

விசைப்படகு வாரிசு:
உங்க ஊர்ல சவுதிப் பணத்துல மாடி கட்டுனவங்க கையில இல்லையா காக்கா? முதல்ல அதைப் பாருங்க.

கீழக்கரை காக்கா:
சவுதியில வெயில்ல வேகுறது யாருன்னு தெரிஞ்சு பேசு தம்பி. வாய அடக்கு.

பட்டணங்காத்தான் பையன்:
சண்டை போடாதீங்க. நான் சொன்னது ஒண்ணுதான். கைய கழுவிட்டு வந்தா ரேகை விழும்.

பாசிக்காரி மகள்:
மறுபடியும் அதேதானா? சரி, உங்க மையங்களைப் பத்தியும் பேசுவோம். வருமானச் சான்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். எங்கம்மாகிட்ட ஒரு மையத்துல 300 வாங்குனாங்க. ரசீது கேட்டா பிரிண்டர் ரிப்பேராம். ரேகை விழலன்னு அஞ்சாறு தடவை அழுத்த வச்சுட்டு, 'கெழவி, நீ கைய எங்க வச்சிருந்த'ன்னு ஒரு பையன் கேட்டான். அந்தக் கைதான் என்னைப் படிக்க வச்சுச்சு.

பட்டணங்காத்தான் பையன்:
என் மையத்துல யாரையும் அப்படிப் பேசுனதில்ல. எவனோ வாங்குனதுக்கு என்னை இழுக்காதீங்க. நானும் கரைவலைக்காரன் பேரன்தான்.

பாசிக்காரி மகள்:
பேரன்தானே. வலை இழுத்த கை உங்க தாத்தா கை, உங்க கை கீபோர்ட் தட்டுற கை. உங்களுக்கு விழும்.

தொண்டிக்காரன்:
ஆயுஷ்மான் ஆப்ல முகத்தைக் காட்டியும் சரிபாக்கலாம். கருவிழிக்கும் வசதி உண்டு. ரேகை மட்டும்தான் வழின்னு இல்ல.

பாசிக்காரி மகள்:
இருக்குறது எனக்கும் தெரியும் அண்ணே. போன இடத்துல யாரும் அதைச் சொல்லல. 'ரேகை விழல, அடுத்தவங்க வாங்க'ன்னுதான் சொன்னாங்க. பாசிக்குப் போறதே மாசத்துல பன்னெண்டு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அதுல ஒரு நாள் ராமநாதபுரம் வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. குடும்பத்துக்கு வருசத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் காப்பீடுன்னு போர்டு வச்சிருக்காங்க. அதை வாங்க ஒரு விரல் இல்ல எங்கம்மாகிட்ட. நாளைக்கு நெஞ்சு வலின்னு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனா நான் எதைக் காட்டுறது?

ஏர்வாடி விருந்தாளி:
என்கிட்ட ஆபா அட்டை இருக்கு, 14 நம்பர் போட்டிருக்கு. அதைக் காட்டுனா ஆஸ்பத்திரியில பணம் கட்ட வேண்டாம்ல?

தொண்டிக்காரன்:
அது காப்பீடே இல்லங்க. உங்க மருத்துவ விவரத்தை வச்சுக்குற அடையாள எண், அவ்வளவுதான். அதை நம்பிப் போயிடாதீங்க.

விசைப்படகு வாரிசு:
மதுரை எதுக்கு? 2022ல இருந்து நம்ம ராமநாதபுரத்துலயே மருத்துவக் கல்லூரி இருக்கு. நம்ம ஊரை நாமளே மதிக்கிறதில்ல.

கீழக்கரை காக்கா:
உனக்கு நெஞ்சு வலி வந்தா எங்க போறேன்னு பாக்குறேன்.

விசைப்படகு வாரிசு:
சாபம் விடுறீங்களா காக்கா?

பட்டணங்காத்தான் பையன்:
அக்கா, கடைசியா சொல்றேன். அம்மாவை ரெண்டு நாள் பாசிக்குப் போக வேண்டாம்னு சொல்லி, கையில எண்ணெய் தடவிக் கூட்டிட்டு வாங்க. விழுதா இல்லையான்னு நானே பாக்குறேன்.

பாசிக்காரி மகள்:
ரெண்டு நாள் கூலிய நீங்க குடுப்பீங்களா? மெஷின எடுத்துக்கிட்டு நீங்க சின்னப்பாலம் வாங்க. அம்மா மட்டுமில்ல, தெருவுல இருக்குற அத்தனை பேரு கையையும் வச்சுப் பாருங்க. பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க யாரு சோம்பேறின்னு.

பட்டணங்காத்தான் பையன்:
மையத்தை விட்டு மெஷினை வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. கைய கழுவிட்டு வரச் சொல்லுங்க.

பாசிக்காரி மகள்:
தினமும் கடல் தண்ணியிலயே ஊறுற கையை எந்தத் தண்ணியில கழுவச் சொல்றீங்க? வாங்கன்னா வாங்க.