மறு: மேற்குப் பாலை மொழிக்குக் 'கிளைமொழித் தொடர்ச்சி' சரிவருமா? 'வழக்குப்பரப்பு' என்று வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே மொழியின் பேச்சு இடத்துக்கு இடம் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போவதை ஆங்கிலத்தில் dialect continuum என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த 'கிளைமொழித் தொடர்ச்சி', 'வட்டார வழக்குத் தொடர்', 'வழக்குச் சங்கிலி' மூன்றையும் படித்தேன். மூன்றுமே எனக்கு இடிக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் மேற்குப் பாலை மொழிக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தாலே காரணம் தெரியும்.

மேற்கே ஜிகலாங், வடக்கே பல்கோ, கிழக்கே உளுரு தாண்டி என்று ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஒரே பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரியும், இரு கோடியில் இருப்பவர்கள் திணறுவார்கள். இந்த முழுமைக்கும் பேசுபவர்களிடம் ஒரு பொதுப்பெயர் கிடையாது, 'மேற்குப் பாலை மொழி' என்பதே ஆய்வாளர்கள் வைத்த பெயர். அப்படியிருக்கக் 'கிளை' என்றால் அடிமரம் எங்கே? எல்லாருக்கும் பொதுவான தரமொழி என்று ஒன்று நடுவில் நிற்கவில்லையே.

'வட்டாரம்' இன்னும் சிக்கல். இந்த மொழியின் வழக்குகளான பிச்சஞ்சச்சரா, யங்குஞ்சச்சரா என்ற பெயர்களைப் பாருங்கள். வருவது போவதற்குப் 'பிச்சஞ்சா' என்று சொல்பவர்கள், 'யங்குஞ்சா' என்று சொல்பவர்கள் என்றுதான் பொருள். 'இது' என்பதற்கு 'ஙாஞா' என்பவர்களின் பேச்சு ஙாஞச்சர்ரா, 'ஙாச்சா' என்பவர்களுடையது ஙாச்சச்சர்ரா. பெயரில் ஊரும் இல்லை, திசையும் இல்லை. தங்கள் நிலத்தோடு இவர்களுக்கு உள்ள உறவு மிக ஆழமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்குக்குப் பெயரிடும்போது பக்கத்தவர் வாயில் வரும் சொல்லைத்தான் அடையாளமாக எடுத்திருக்கிறார்கள்.

அதோடு மக்கள் இடமும் மாறியிருக்கிறார்கள். 1937-இல் எர்னபெல்லா என்ற கிறித்தவ மிஷன் குடியிருப்பு தொடங்கியது யங்குஞ்சச்சரா நிலத்தில், அங்கே நிலைத்தது பிச்சஞ்சச்சரா. பப்புன்யாவில் பல திசையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாகக் குடியமர்ந்ததில் பின்டுபி-லுரிச்சா என்ற வழக்கு உருவானது, ஜிகலாங்கில் அதேபோல மார்டு வங்கா. இப்படிக் கலந்து பிறந்தவற்றையும் 'கிளை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சொற்களை எண்ணி, இத்தனை விழுக்காடு ஒத்தால் ஒரே மொழி என்று பிரிப்பதும் இங்கே கவனமாகச் செய்ய வேண்டியது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரையும், அதுபோல ஒலிக்கும் சொற்களையும் நெடுநாள் தவிர்ப்பார்கள், அந்த இடத்துக்குப் பக்கத்து வழக்கிலிருந்து ஒரு சொல் வந்து உட்காரும். ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொல் பலருக்கும் தெரிந்திருக்கும், எதைப் பட்டியலில் எழுதுவது? ஒலி வேறுபாடு ஓரளவு உதவும். யங்குஞ்சச்சராவில் பெயருக்கு 'யினி', பிச்சஞ்சச்சராவில் 'இனி'.

'சங்கிலி' என்பதில் ஒரு கண்ணிக்கு இரண்டு பக்கத்துக் கண்ணிகள்தான் உண்டு. ஙாஞச்சர்ராவை எடுங்கள், அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் உறவு வழக்குகள் இருக்கின்றன. கோட்டில் அடங்காதது இது, அகலமும் வேண்டும். அதனால்தான் 'வழக்குப்பரப்பு' என்கிறேன். முறையான கட்டுரையில் முதல்முறை வரும்போது 'தொடர்வழக்குப் பரப்பு' என்று எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். தனித்தனியாகச் சொல்லும்போது 'பிச்சஞ்சச்சரா வழக்கு' போதும், முன்னால் 'வட்டார' வேண்டாம்.

'பரப்பு' என்றால் எல்லையே இல்லாததுபோல் ஆகிவிடாதா என்ற கேள்வி வரும். ஆகாது. வடகிழக்கில் வார்ல்பிரி, கிழக்கில் அரெர்ன்டே இரண்டும் இதற்குள் வராத தனி மொழிகள், இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தாலும் அங்கே மொழி மாறுகிறது. பரப்புக்கு விளிம்பு உண்டு, உள்ளே வெட்டுக்கோடு இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு சொல்லோ ஒலியோ எதுவரை வழங்குகிறது என்று வரைபடத்தில் போடும் கோட்டுக்கு 'வழக்கெல்லை' என்று வைத்தால், வழக்கே அங்கே முடிவதாகப் படிப்பவர் நினைத்துவிடுவார். 'சொல்லெல்லை', 'ஒலியெல்லை' என்று இரண்டாகப் பிரித்தால் குழப்பம் தீரும் என்று தோன்றுகிறது. இலக்கணக் கூறுகளுக்கு என்ன வைப்பது? மொழியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.