தேடல் முடிவுகளையே திருத்திப் பல கோப்புகளில் எழுதுவது எப்படி?

கேள்வி: ரிப்கிரெப் (கோப்புகளுக்குள் உரை தேடும் கருவி) 40 கோப்புகளில் 130 வரிகளைக் காட்டுகிறது. சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டும். செட் (sed, உரையை மொத்தமாக மாற்றும் கட்டளை) போட்டால் எல்லாமே மாறிவிடுகிறது. வேறு வழி?

பதில் 1: விம் உரைத் திருத்தியே போதும். ரிப்கிரெப்பை 'விம்கிரெப்' (--vimgrep) தெரிவோடு ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதை விம்மின் 'க்யூ' (-q) தெரிவுக்குக் கொடுங்கள். பிறகு, பட்டியலின் ஒவ்வொரு முடிவிலும் ஒரு கட்டளையை ஓட்டும் 'சிடூ'வுடன் (cdo) மாற்றீட்டுக் கட்டளை, கடைசியில் கோப்பைச் சேமிக்க 'அப்டேட்'. மாற்றீட்டுக் கட்டளையில் 'ஜி' (g) கொடி வரியில் உள்ள எல்லாப் பொருத்தங்களையும் மாற்றும். 'சி' (c) கொடி ஒவ்வொன்றையும் மாற்றலாமா என்று கேட்கும். பொருத்தம் இல்லாவிட்டாலும் பிழை காட்டாத 'இ' (e) கொடி கட்டாயம் வேண்டும்: ஒரே வரியில் இரண்டு பொருத்தம் இருந்தால் அந்த வரி பட்டியலில் இரண்டு முறை வரும். முதல் சுற்றிலேயே இரண்டும் மாறிவிட, அடுத்த சுற்றில் பொருத்தம் கிடைக்காமல் பிழை வந்து சிடூ பாதியில் நின்றுவிடும்.

பதில் 2: ஈமேக்ஸ் உரைத் திருத்தி என்றால், தேடல் முடிவுகளையே திருத்தவிடும் டபிள்யூகிரெப் (wgrep) நீட்சிதான் சுகம். முடிவுப் பக்கத்தில் கண்ட்ரோல்-சி (C), கண்ட்ரோல்-பி (P) அழுத்தி, சாதாரண உரைபோலத் திருத்துங்கள், முடிந்ததும் கண்ட்ரோல்-சி இருமுறை. ஆனால் மாற்றம் பஃபரில்தான் (நினைவகத்தில் திறந்திருக்கும் நகல்) இருக்கும், தனியாகச் சேமிக்க வேண்டும்.

பதில் 3: எதுவானாலும் முதலில் கிட்டில் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்து, இப்போதைய நிலையைப் பதிந்துவிடுங்கள். பிறகு 'டிஃப்' (மாறிய வரிகளின் பட்டியல்) பார்த்தால் தப்பானது உடனே தெரியும்.

செட்டை நேரடித் திருத்தமாக எல்லாக் கோப்புகளிலும் ஓட்டாதீர்கள். பொருத்தமே இல்லாத கோப்பையும் அது திரும்ப எழுதும். நேரமுத்திரை மாறி, பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) தேவையில்லாமல் மறுபடி ஓடும்.