முப்பரிமாண நெசவில் மூன்றாவது இழை முறிகிறது, அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். செராமிக் காம்போசிட் (இழையால் வலுவூட்டிய செராமிக்) பாகம் ஒன்றுக்காக சிலிக்கான் கார்பைடு இழையை முப்பரிமாணமாக நெய்து பார்க்கிறேன். முன்பு துணியை அடுக்கடுக்காக வைத்துத்தான் செய்தேன். வளைத்துச் சோதித்தால் இழை அறுவதற்கு முன்பே அடுக்குகள் புத்தகத் தாள் மாதிரி பிரிந்துவிடும். நடுவில் தாங்குவது வெறும் செராமிக்தானே! அதனால்தான் பாவு, ஊடையோடு மூன்றாவதாக ஓர் இழையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பிணைக்கிறேன்.

தொல்லை தருவது அந்த மூன்றாவது இழைதான். மேற்பரப்பில் அது திரும்பும் இடத்தில் வளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது. பசை பூசிய இழைதான், ஆனாலும் பத்து வரிசை நெய்வதற்குள் விழுதுக் கண்ணைச் (தறியில் இழை நுழைந்து போகும் துளை) சுற்றிக் கறுப்புப் பஞ்சு படிந்துவிடுகிறது. நேர்குத்தாக ஓட்டாமல், பக்கத்து அடுக்கோடு மட்டும் சாய்வாகப் பிணைத்தால் வளைவு குறையும், சரி. தடிமன் திசையில் வலு எவ்வளவு போகும்? யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் துளைகள். நெய்த பிறகு இழைகளுக்கு இடையே செராமிக்கை நிரப்ப, சுமார் 1,000 டிகிரியில் வாயுவைச் செலுத்திச் சிலிக்கான் கார்பைடு படிய வைக்கும்போது மேற்பரப்புத் துளைகள் முதலில் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே, இழைக்கட்டுகள் சந்திக்கும் மூலைகளில், பெரிய வெற்றிடங்கள் மிஞ்சுகின்றன. உருகிய சிலிக்கானால் நிரப்பலாம்தான். ஆனால் அது 1,414 டிகிரியில் உருகுவது என்பதால் பாகத்தை அந்த வெப்பத்துக்குக் கீழேதான் பயன்படுத்த முடியும். இழையைக் காக்க அதன்மேல் போடும் போரான் நைட்ரைடு பூச்சு எங்காவது பெயர்ந்திருந்தால் உருகிய சிலிக்கான் இழையையே அரித்தும் விடும்.

நீங்கள் அந்தப் பூச்சை நெய்வதற்கு முன்பு போடுகிறீர்களா, நெய்த பிறகா? பிறகு என்றால், தடித்த நெசவின் நடுப்பகுதி வரை ஒரே சீராகப் படிகிறதா? வெட்டுமுகப் படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.