போலி றேடியோ மொடியூல்: உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது?

கொட்டாஞ்சேனை24

எங்கள் நாலு மாடி வீட்டில் மேலே தண்ணீர்த் தாங்கி. நீர்மட்டம் பார்க்க மேலே ஒரு என்ஆர்எஃப்24 றேடியோ மொடியூல், கீழே ஒன்று. நாலு வருடமாகக் குறை இல்லை. பக்கத்து வீட்டு மாமி தனக்கும் ஒன்று கேட்டார் என்று ஒன்லைனில் பத்து எடுத்தேன். இங்கே கடையில் மூன்று வாங்கும் காசுக்குப் பத்து. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

புதியது புதியதோடு பேசுகிறது. பழையதோடு விட்டால் செய்தி போகிறது, பதில் மட்டும் வராது. மூன்று இரவு புரோகிராமை மாற்றி மாற்றி எழுதினேன். பிழை என்னுடையது என்றுதான் நினைத்தேன்.

செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் மச்சான் சாப்பிட வந்தவர், மேசையில் கிடந்ததைத் தன் லென்ஸால் பார்த்து, "இதில 1461 எண்டு இருக்கே, என்ன?" என்று கேட்டார். முதல் இரண்டு இலக்கம் சிப் செய்த வருடம், அடுத்த இரண்டு வாரம் என்று சொல்லிக்கொண்டு போனவன் நடுவில் நின்றுவிட்டேன். 2014இல் எங்கே 61ஆவது வாரம்? மச்சான் லென்ஸை மடித்து வைத்து, "பித்தளைக்கு 22 கரட் முத்திரை" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

தெஹிவளை நானா

தம்பி, முத்திரை பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் போலி என்று வீசிவிட வேண்டாம். நான் ஆறு மொடியூலைக் குப்பையில் போட்டவன். ஏழாவதுக்கு ஒரு கெபாசிட்டர் (கரண்டைச் சேமித்துத் தடங்கல் இல்லாமல் கொடுக்கும் சின்ன உறுப்பு) வைத்துப் பார்த்தேன், கல்லு மாதிரி ஓடியது. வாசலுக்கு ஓடினேன், மாநகரசபை லொறி காலி வீதியில் திரும்பிவிட்டது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். இந்தச் சிப்புக்கு 1.9 முதல் 3.6 வோல்ட் வரைதான். 5 வோல்டில் மாட்டிவிட்டுப் போலி என்று அழ வேண்டாம். மொடியூலை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் 3.3 வோல்ட் காலில் 50 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சின்ன மொடியூலுக்கு அது தாராளம். வெளி அன்டெனா மாட்டிய பெரியது அனுப்பும்போது 100ஐத் தாண்டும். அதற்குத் தனி ரெகுலேட்டர் போடுங்கள். மின் நுழையும் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோபரட் கெபாசிட்டர், மொடியூலின் காலிலேயே பற்றாசு வையுங்கள். பிரெட்போர்டின் அந்தக் கரையில் வைத்தால் வைக்காத மாதிரித்தான். ஜம்பர் வயரை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். சனலை 100க்கு மேல் வையுங்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளில் வைஃபை இரைச்சல் சந்தை மாதிரி, ஆனால் அது இந்தச் சனல்களுக்குக் கீழே, 2.48 கிகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு போலியா அசலா என்று பேசலாம்.

கட்டுபெத்த மூன்றாம் வருடம்

நானா, கெபாசிட்டர் பற்றி அவர் கேட்கவே இல்லை. புதியது புதியதோடு ஒழுங்காகப் பேசுகிறது என்று எழுதியிருக்கிறார். கரண்ட் குறைவு என்றால் அதுவும் நடக்காதே.

கொட்டாஞ்சேனை அண்ணா, இது தெரிந்த கூத்துதான். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் "பதில் வேண்டாம்" என்று சொல்லும் ஒரு பிட் உண்டு. அசல் சிப்பைச் செய்யும் நோர்டிக்கின் தரவுத்தாளில் எழுதியதற்கும் அசல் சிப் செய்வதற்கும் அந்த ஒரு பிட் தலைகீழ். நகல் எடுத்தவர்கள் தாளை நம்பி அப்படியே செய்துவிட்டார்கள். அதனால் நகலும் நகலும் பேசும், அசலோடு சேர்ந்தால் பதில் வராது. அசலில் உள்ள பிழையைக் கொப்பி அடிக்காததால் மாட்டிக்கொண்ட கள்ளனை வேறெங்கும் கண்டதில்லை. ஓட்டோ-அக்கை, அதாவது தானாகப் பதில் அனுப்புவதை, இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டுப் பாருங்கள், பேசும்.

எங்கள் கதை வேறு. குழு வேலைக்கு ஒரு ரோபோ வண்டி. தூரம் வேண்டும் என்று செய்தி அனுப்பும் வேகத்தை 250 கேபிபிஎஸ்ஸாகக் குறைத்தோம். வண்டி அசையவில்லை. அமைப்புகளைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் 1 எம்பிபிஎஸ் என்று நிற்கிறது. மறுபடி 250 எழுதினோம், மறுபடி 1. பின்னால் நின்ற சேர் குனிந்து பார்த்துவிட்டு, "250 பிளஸ்ஸில் மட்டும்தானே இருக்கு" என்றார். பிளஸ் என்றால் இதே சிப்பின் புதிய வகை. எங்கள் சிப்பின் முதுகிலும் பிளஸ் இருந்தது. உள்ளே இருந்தது பிளஸ் இல்லாத பழைய சாதி, குறியை மட்டும் யாரோ மேலே போட்டிருக்கிறார்கள். ஆனால் 250இல் ஓடினால் அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், அதைச் செய்யும் நகல்களும் இருக்கின்றன. சில நகல்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கின்றன, அதில் எனக்குக் கோபம் இல்லை. அடுத்தவன் பெயரை முதுகில் எழுதுவதுதான் எரிகிறது.

வெள்ளவத்தை வயர்

நான் ஏமாந்தது சிப்பில் இல்லை, அன்டெனாவில். 1 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருந்த பெரிய மொடியூல். தம்பியைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனேன். திறந்த வெளி, மறைப்பு ஒன்றும் இல்லை. இசுவடைக்காரரின் வண்டியைத் தாண்டி நாற்பது அடி வைத்திருப்பான், எல்ஈடி அணைந்துவிட்டது. நானும் அவனும் பட்டம் விடுகிறவர்கள் மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தோம். சனம் பார்த்தது.

வீட்டுக்கு வந்து அன்டெனாவின் கறுப்பு உறையை இழுத்தேன், கழன்று வந்தது. ஒரு சாண் உறைக்குள் 3 சென்ரிமீற்றர் கம்பி! மீதி வெறும் காற்று. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். பாதிக் காசு தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்றார்கள்.

தெஹிவளை நானா

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். 2.4 கிகாஹேர்ட்ஸில் அலை நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். கால் அலை என்றால் 3தான். நல்ல அன்டெனாவைப் பிரித்தாலும் பலதில் அவ்வளவுதான் இருக்கும், நீள உறை கண்ணுக்கு. மல்டிமீற்றரை வைத்து, அந்தக் கம்பி கீழே கொனெக்டரின் நடு ஊசியோடு தொடுகிறதா என்று பாருங்கள். மொடியூலுக்கு எவ்வளவு கரண்ட் கொடுத்தீர்கள் என்றும் எழுதவில்லை. ஒரு கெபாசிட்டர்...

வெள்ளவத்தை வயர்

பார்த்தேன் நானா. தொடவில்லை. பற்றாசு வைத்த அடையாளமே இல்லை, சும்மா செருகி வைத்திருக்கிறார்கள். கம்பி 3 சென்ரிமீற்றர் என்பதற்குச் சண்டை பிடித்தது என் பிழை, படத்தை அழித்துவிட்டேன். பாதிக் காசை வாங்கவில்லை, நட்சத்திரமும் போடவில்லை.

கெபாசிட்டர் வைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனை24

கட்டுபெத்த தம்பி, ஓட்டோ-அக்கை நிறுத்தினேன், பழையதும் புதியதும் பேசுகின்றன. ஆனால் பதில் இல்லாமல் விட்டால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, தாங்கி விஷயத்தில் அது சரிவராது. அதனால் வேறு மாதிரிச் செய்தேன். மாமி வீட்டில் மேலும் கீழும் 61ஆம் வாரத்துச் சாமான், எங்கள் வீட்டில் பழைய அசல். இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு சனல்.

போன கிழமை எங்கள் தாங்கிதான் வழிந்தது. மாமி மாடியில் நின்று கூப்பிட்டுச் சொன்னார். போய்ப் பார்த்தால் கெபாசிட்டரின் ஒரு கால் துருப்பிடித்து விட்டிருக்கிறது. நானாவுக்கு இதைச் சொல்லவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன்.